பரணில் கெடும் கூடாரம்: 47 இரவுகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

பெட்டியின் மேல் 1,500 கிராம் என்று அச்சிட்டிருந்த கூடாரத்தை, போடிநாயக்கனூரில் ஏலக்காய் நிறுக்கும் எங்கள் மின்தராசில் வைத்தபோது அது 1,840 கிராம் காட்டியது. ஏமாற்றப்பட்டுவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்துப் பார்த்தபோது, விற்பவர் சொல்லும் எடையில் உள்கூடு, மேல்விரிப்பு, கம்பிகள் ஆகிய மூன்று மட்டுமே அடங்கும் என்பதும், முளைகளும் இழுகயிறுகளும் உறைப்பைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பதும் புரிந்தது. சாக்கின் எடையைக் கழித்து ஏலக்காய்க்கு விலை பேசும் ஊரில் வளர்ந்தவனுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஆயினும் முதுகில் சுமப்பவன் சாக்கையும் சேர்த்துத்தான் சுமக்கிறான் என்பதால், கூடாரம் வாங்க எண்ணுகிறவர்கள் இரண்டு எடைகளில் எது சொல்லப்படுகிறது என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

இங்கே நான் மதிப்பிடுவது 2021 டிசம்பரில் ரூ.14,500 கொடுத்து இணையவழியாக வாங்கிய இருவர் கூடாரம். வலைத்துணியால் ஆன உள்கூடும், அதன்மேல் தனியே இழுத்துக் கட்டும் மேல்விரிப்புமாக இரட்டைச் சுவர் கொண்டது. மேல்விரிப்பு 20 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நைலான். வெளிப்புறம் சிலிக்கோனும் உட்புறம் பாலியூரித்தேனும் பூசப்பட்டது. தரையும் அதே நூல்தான், பூச்சு மட்டும் கனமானது. கம்பிகள் 8.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள 7001 வகை அலுமினியம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஒரே வார்ப்பில் வெட்டித் தைத்த இதே கூடாரம் ஐந்தாறு பெயர்களில் விற்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பெயரை நம்பி வாங்குவதைவிட இரட்டைச் சுவர், நூல், பூச்சு, கம்பி ஆகிய நான்கையும் விசாரித்து வாங்குவதே பயன் தரும்.

வாங்கிய நாள் முதல் நான்கு ஆண்டுகளில் இதில் 47 இரவுகள் படுத்திருக்கிறேன். பெரிய எண்ணிக்கை அன்று. ஆனால் அந்த இரவுகள் கழிந்த இடங்களைச் சொல்ல வேண்டும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல் என்று ஒரு கையும், தெற்கே வண்டன்மேடு என்று மறு கையுமாக ஏலமும் தேயிலையும் விரிந்துகிடக்கும். இந்தத் தோட்டங்களில் தெரிந்தவர்களின் அனுமதியோடு, அவர்கள் காட்டிய இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதே என் வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்கு முகத்தில் மழையைக் கொட்டிவிட்டுக் கணவாய் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது வெறுங்காற்றாகத்தான் வரும். அந்தக் காற்றை நம்பித்தான் கீழே காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். எனவே முகட்டில் அடிக்கும் கூடாரம் மேற்கிலிருந்து வரும் மழையைத் தாங்கவும் வேண்டும், கிழக்கே பறந்துவிடாமல் நிற்கவும் வேண்டும். கடைகளில் மூன்று பருவக் கூடாரம், நான்கு பருவக் கூடாரம் என்று பிரித்துச் சொல்வார்கள். அந்த நான்காவது பருவம் பனிப்பொழிவைக் குறிப்பது. நமக்கு அது தேவையில்லை. நமக்குள்ள பருவங்கள் ஆடிச் சாரல், ஐப்பசி அடைமழை, மூணாற்றுப் பக்கம் புல்லை வெளுக்கும் தை மாதத்து உறைபனி, பங்குனி வெயில் ஆகியவை. இந்த நான்கையும் தாங்குமா என்பதே என் அளவுகோல்.

கம்பியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கூடாரம் பற்றிய என் முதல் பாடம் கம்பியால் வந்தது. 2019 நவம்பரில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு முகாமில் வாடகைக் கூடாரத்தில் தங்கினேன். அதன் மேல்விரிப்பு தொப்பியைப் போல உச்சியை மட்டும் மூடியிருந்தது. கம்பிகள் கண்ணாடி இழையால் ஆனவை. நள்ளிரவுக்குப் பின் காற்று திசை மாறியதும் ஒரு கம்பி, காய்ந்த மூங்கில் பிளப்பதைப் போல நீளவாக்கில் பிளந்து, தன்னைத் தாங்கியிருந்த துணியையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மீதி இரவை ஜீப்பின் பின்னிருக்கையில் கழித்தோம். கண்ணாடி இழைக் கம்பி விலை குறைந்தது, எடை கூடியது. வளையும்வரை வளைந்து, ஒரு கட்டத்தில் சொல்லாமல் முறியும். சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது கடினம். அலுமினியமோ முறிவதற்கு முன் கோணும். கோணிய கம்பியோடு காலைவரை ஓட்டிவிடலாம். கொழுக்குமலைக்கு அருகே ஒரு விடியற்காலையில் என் கம்பியின் ஒரு துண்டு கோணியது. கூடாரத்தோடு வந்த விரற்கடை அளவுக் குழாயை அதன்மேல் நகர்த்தி இருபுறமும் பிளாஸ்திரி சுற்றினேன். அந்தத் துண்டு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சிறு குழாயைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு மலையேறுகிறவர்கள் பலர். அதன் எடை பத்து கிராம்கூட இராது.

கம்பியை மடிக்கும்போது ஒரு முனையிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து மடிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இரு பக்கமும் சமமாக இழுபட்டால்தான் பல ஆண்டுகள் தளராமல் இருக்கும்.

அடுத்து துணி. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதைச் சொல்லும் கணக்கு. 20 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூல் 20 கிராம்தான். போடியிலிருந்து மலைப்பாதையில் கணிசமான தொலைவுக்கு இழுத்துச் செல்லக்கூடிய நூல் ஒரு கைப்பிடி ஏலக்காயின் எடைக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வளவு மெல்லியதா என்று கேட்டால், ஆம், அவ்வளவு மெல்லியதுதான். தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது ஒரு கோடைக்கு நிற்குமா?” என்று கேட்டார். நான்கு கோடைகள் நின்றிருக்கிறது. குறுக்கும் நெடுக்கும் சிறு கட்டங்களாகத் தடித்த நூல் ஓடுவதால், முள் குத்திய இடம் துளையோடு நின்றுவிடுகிறது, கிழிசலாக ஓடுவதில்லை. லண்டானா புதர் ஒன்று இரண்டு முறை துளையிட்டது. இரண்டும் ஒட்டுத் துணியால் அடைக்கப்பட்டு அப்படியே உள்ளன.

நைலானுக்கு ஒரு குறை உண்டு, அதை நம் மழையில் மறைக்க முடியாது. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டர் வைத்திருப்பது 0.4 விழுக்காடு. மாலை ஆறு மணிக்கு முரசுத் தோலைப் போல இழுத்துக் கட்டிய மேல்விரிப்பு, சாரல் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் தொய்ந்து, கால்மாட்டில் உள்கூட்டைத் தொட்டு, அந்த இடத்தில் படுக்கையை நனைக்கும். படுக்கப் போகுமுன் எழுந்து வெளியே சென்று எல்லா இழுகயிறுகளையும் மறுபடி இறுக்குவது என் கூடாரத்தில் சடங்காகிவிட்டது. குளிரில் ஒருமுறை படுத்தவன் எழுவதில்லை என்பதால், இந்தச் சடங்கைத் தவறவிட்ட இரவுகளில் கால்மாடு நனைந்திருக்கிறது. அதே எடை நைலான் பாலியஸ்டரைவிடக் கிழிசலைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை; ஆனால் பாலியஸ்டர் மழையில் தொய்வதில்லை, வெயிலையும் கூடுதல் நாள் தாங்கும். இமயத்து உலர்குளிருக்கும் இடுக்கியின் சாரலுக்கும் ஒரே விடை பொருந்தாது.

நீர் புகாமையைக் குறிக்க மில்லிமீட்டரில் ஓர் எண்ணை அச்சிடுவார்கள். துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தூண் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். மேல்விரிப்புக்கு 1,500 இருந்தால் நம் மழைக்கு எனக்குப் போதுமானதாகவே இருந்தது. தரைக்கு மட்டும் கூடுதலாகத் தேவை, காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒருவர் முழங்காலிட்டு எழும்போது 30 கிலோ எடை 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அமர்வதாகக் கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் அழுத்தம். அது 3 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்துக்குச் சமம். ஆகவே ஈர மண்ணின் மேல் 3,000 மில்லிமீட்டர் தரை என்பது ஆடம்பரமில்லை. இதற்கு மேல் 5,000, 8,000 என்று எண்களை ஏற்றி விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. என் அனுபவத்தில் நீர் புகுந்தது ஒரு முறைகூடத் துணி வழியாக இல்லை, தையல் வழியாகத்தான். மூன்றாம் ஆண்டில் மேல்விரிப்பின் ஒரு மூலையில் தையலை மூடிய நாடா இரண்டு விரல் நீளத்துக்கு உரிந்து, அங்கிருந்து சொட்டியது. வெளிப்புறம் சிலிக்கோன் என்பதால் அதன்மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. மீன்தொட்டிக்குப் பயன்படும் நிறமற்ற சிலிக்கோனை மினரல் டர்பன்டைனில் இளக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, தூரிகையால் தையல் மேல் தடவி ஒரு நாள் உலரவிட்டேன். சொட்டு நின்றது.

மழையைவிட அதிகமாக என்னை நனைத்தது என் மூச்சுதான். ஓர் இரவில் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் ஏறத்தாழ அரை லிட்டர் நீரை வெளியேற்றுகிறார். இருவர் படுத்தால் ஒரு லிட்டர். தெளிந்த வானத்தின் கீழ் மேல்விரிப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதால், அந்த ஈரம் அதன் உட்புறத்தில் பனித்துளிகளாகப் படியும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலர் உண்மையில் இதைத்தான் பார்த்திருப்பார்கள். இரட்டைச் சுவரின் பயன் இங்கே தெரிகிறது: துளிகள் மேல்விரிப்பில் நிற்கின்றன, வலைக்கூடு இடையில் இருப்பதால் முகத்தில் விழுவதில்லை. என் கூடாரத்தின் உச்சியில் ஒரே ஒரு காற்றுவழிதான் உண்டு. எதிர்ப்புறம் இன்னொன்று இல்லாததால் காற்று உள்ளே வந்து சுற்றிப் போவதில்லை. இதை ஒரு வடிவமைப்புக் குறை என்றே சொல்வேன். மழை இல்லாத இரவுகளில் வாசலின் மேல்பாதியைத் திறந்து வைத்தும், ஓடைக்கரையையும் பள்ளத்தையும் தவிர்த்து மரக்கிளை நிழலுக்குக் கீழே அடித்தும் இதைச் சமாளிக்கிறேன். மரத்தடியில் பனி குறைவாகப் பிடிக்கும். ஆனால் காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்கவில்லை என்பதைப் பகலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளிடம் 210 சென்டிமீட்டர் நீளமும் 125 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. என் மனைவியின் தம்பி முதல் இரவிலேயே, “மச்சான், நானும் நீங்களும் படுத்துக்கொள்ளலாம், நம் பைகள்தான் வெளியே நின்று நனைய வேண்டும்” என்றார். சரியான மதிப்பீடு. வாசல் ஒன்றே, அதுவும் தலைமாட்டில். உள்ளே படுத்திருப்பவர் வெளியேற மற்றவரைத் தாண்ட வேண்டியதில்லை என்றாலும், மழையில் திறந்தால் தலையணை நனையும். தனியாக நடப்பவருக்கு இது தாராளம், இருவருக்கு நெருக்கம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் நண்பர், என் கூடாரத்தைப்போல் மூன்று மடங்கு விலையில் ஒரு வெளிநாட்டுக் கூடாரம் வைத்திருந்தார். எடை 1.3 கிலோதான்; தையலில் ஓர் இழைப் பிசிறு கிடையாது. 2022 மே மாதம் ஒரு பயணம் முடிந்து வந்தவர், தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றிய அதை உறையில் திணித்து, அடுப்படிக்கு மேலே உள்ள பரணில் வைத்தார். இரண்டு மழைக்காலங்கள் கடந்து 2024 ஜனவரியில் எடுத்துப் பிரித்தபோது, மேல்விரிப்பு தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்க ஈரப் பிசினாகக் கையில் வந்தது. புளித்து முற்றிய வாடை அறை முழுதும் பரவியது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு கம்பி கோணவில்லை, கூடாரம் மட்டும் செத்துப்போயிருந்தது. நண்பர் அதில் மொத்தம் பதினைந்து இரவுகள்கூடப் படுத்ததில்லை.

இது அந்த நிறுவனத்தின் குற்றம் அன்று. பாலியூரித்தேன் பூச்சின் வேதிப்பிணைப்புகளை நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. அடுப்பின் சூடும் மலையின் ஈரமும் சேர்ந்த பரணைவிட அதற்கு ஏற்ற இடம் அமையாது. ஒருமுறை பிசுபிசுக்கத் தொடங்கிய பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. நீர் உறிஞ்சாத சிலிக்கோன் பூச்சுக்கு இந்த நோய் கிடையாது. பாலியூரித்தேனிலும் பாலியீத்தர் வகை பாலியெஸ்டர் வகையைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனால் தரைக்கும் நாடா ஒட்டிய தையலுக்கும் பெரும்பாலான கூடாரங்களில் பாலியூரித்தேன் இல்லாமல் முடிவதில்லை என்பதால், எதை வாங்கினாலும் இந்த ஆபத்து ஓரளவு கூடவே வரும்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் 1,461 இரவுகள். அவற்றில் என் கூடாரம் மலையில் இருந்தவை 47. வீட்டில் இருந்தவை 1,414. அது உழைக்குமா என்பதை அந்த 1,414 இரவுகள்தான் தீர்மானிக்கின்றன. ஆயினும் கூடாரம் பற்றி எழுதுகிறவர்களும் விற்கிறவர்களும் 47 இரவுகளைப் பற்றியே பேசுகிறார்கள். பறித்த ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரம் இருக்கும். அதை 10 விழுக்காடு அளவுக்கு உலர்த்தாமல் எவரும் மூட்டை கட்டுவதில்லை. அதே தொழிலைச் செய்யும் நாங்கள், காயைவிடப் பன்மடங்கு விலையுள்ள துணியை ஈரத்தோடு கட்டிப் பரணில் போடுகிறோம்.

எனவே பயணம் முடிந்த மறுநாள் என் கூடாரம் போடிக்கு இறங்கிவிடும். மழை மறைவிலுள்ள எங்கள் ஊரில், மாடிப்படிக் கூரையின் நிழலில், கொடியில் விரித்தால் ஒரு பகலில் மேல்விரிப்பு உலரும். தரையின் மூலைகளும் கம்பி நுழையும் பட்டைகளும் உலர இரண்டாம் நாளும் தேவை. நேர் வெயிலில் போடுவதில்லை, நைலானை வெயில் மெல்ல நொறுக்கிவிடும். தோட்டத்தில் காயைச் சூட்டில் உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோரிலேயே உலர்த்திக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தச் சூடு பூச்சுக்கு ஆகாது. மேலும் ஈரத் துணியின் வாடையைக் காய் வாங்கிக்கொண்டால் விலைக்குப் போகும் சரக்கு கெடும். உலர்ந்த கூடாரத்தை அதன் இறுக்கமான உறையில் போடாமல், ஒரு பழைய வேட்டியில் தளர்வாக முடிந்து, அலமாரியின் நடுத்தட்டில் வைக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் பூச்சு வழவழப்பாக இருக்கிறது, வாடை இல்லை. மலை மேலேயே குடியிருப்பவர்கள் இதற்கு வேறு வழி தேட வேண்டும். ஆடி மாதத்தில் வண்டன்மேட்டில் எதுவும் உலராது. கீழே உறவினர் வீடு இருந்தால் அங்கே வைப்பதே சிறந்தது.

இதைவிட எடை குறைந்தவை உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. நடைக்கோல்களையே கம்பியாக ஊன்றி நிறுத்தும் கூடாரங்கள் ஒரு கிலோவுக்குள் அடங்கும். டைனீமா எனப்படும் இழையைப் படலங்களுக்கு இடையே பதித்துச் செய்த துணியில் வரும் ஸீபேக்ஸ் டியூப்ளெக்ஸ் போன்றவை இருவருக்கும் சேர்த்து அரைக் கிலோவை ஒட்டியே நிற்கின்றன. அந்தத் துணி ஈரம் குடிப்பதில்லை, தொய்வதுமில்லை. ஆனால் விலை பல மடங்கு. ஒற்றைச் சுவர் என்பதால் மேலே சொன்ன மூச்சு ஈரம் நேராக நம் மேல் உதிரும். இவை நிற்பதற்கு முளைகளையே முழுதும் நம்பியிருக்கின்றன என்பது இன்னொரு சிக்கல். கொழுக்குமலைப் பக்கத்துப் புல்வெளிகளில் ஒரு சாணுக்குக் கீழே பாறை தட்டும். ஏலக்காட்டிலோ சருகு மக்கிய மண், பிடித்து இழுத்தால் முளை கையோடு வரும். என்னுடையது கம்பியாலேயே பெரும்பாலும் நிற்கும் வகை என்பதால், பாறைத் தரையில் மூலைகளைக் கற்களில் கட்டிவிட்டுப் படுத்திருக்கிறேன். முளைகளைப் பொறுத்தவரை, உடன் வந்தவற்றில் நான்கை ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக நீளமான நான்கை வாங்கினேன். அறுபது கிராம் கூடியது. வருத்தமில்லை.

தரைவிரிப்பு தனி விலைக்கு விற்கப்படுகிறது, தேவையில்லை. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டிப் போடலாம் என்று பலரைப்போல நானும் நினைத்தேன். நிறுத்துப் பார்த்தால் அது கூடாரத்தின் பாதி எடையை நெருங்கியது. அரசியல்வாதிகளின் முகத்தின் மேல் படுத்துறங்கும் வாய்ப்பு ஒன்றைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. 100 மைக்ரான் பாலிதீன் விரிப்பு கால் கிலோவுக்குள் முடிகிறது. அதைக் கூடாரத்தின் அடியளவைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் குறைத்து வெட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி நம் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

உள்கூட்டின் வலை மிக நெருக்கமானது. ஆடியில் இந்த மலைகளில் அட்டைகள் எங்கும் இருக்கும். ஜிப்பை முழுதும் மூடிய இரவுகளில் ஓர் அட்டைகூட உள்ளே வந்ததில்லை. அட்டைக்கு வலை போதும். யானைக்கு எந்தத் துணியும் சுவரில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடிக்கு அருகே, கூடாரங்களில் விருந்தினரைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றில் யானை தாக்கி ஒரு பெண் உயிரிழந்தார். சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற காட்டுயானை, 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட பிறகு, அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருக்களில் நடந்ததை எங்கள் பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. கூடாரத்துக்குள் அரிசியோ பழமோ உப்போ வைப்பதில்லை. யானைத்தடத்திலும் நீர்நிலைக்குப் போகும் வழியிலும் அடிப்பதில்லை. தோட்டத்து வாச்சர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் இரண்டாம் முறை கேட்பதில்லை. காட்டுக்குள் அனுமதியின்றித் தங்குவது இரு மாநிலங்களிலும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. நைலான் மேல் ஒரு பொறி விழுந்தால் உருகித் துளையாகும். வாசலில் அடுப்பு மூட்டுகிறவர்கள் துணியையும் தங்கள் மூச்சையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்கள்.

வாங்குமுன் விரித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மதுரை, கோவை, கொச்சி ஆகிய ஊர்களிலுள்ள டெக்கத்லான் கடைகளுக்குச் சென்று, அங்கே விரித்து வைத்திருக்கும் கூடாரங்களுக்குள் ஒருமுறை படுத்துப் பார்க்கலாம். அங்கும் எடை குறைந்த நடைக்கூடாரமும், காரில் கொண்டுபோகும் கனத்த கூடாரமும் அடுத்தடுத்தே இருக்கும். வெளிச்சத்தை அடைக்கும் கறுப்புத் துணிக் கூடாரங்கள் பகல் தூக்கத்துக்கு அருமையானவை என்றாலும் முதுகுக்கு ஏற்றவையல்ல. எதுவானாலும் மேல்விரிப்பு தரையை ஒட்டி இறங்குகிறதா, உச்சியில் எதிரெதிராக இரண்டு காற்றுவழிகள் உண்டா, கால்மாட்டில் உள்கூட்டுக்கும் மேல்விரிப்புக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என் கூடாரம் முதல் கேள்வியில் தேறும், மற்ற இரண்டிலும் தேறாது.

இப்போது அதன் நிலை: கம்பியில் ஒரு கட்டு, துணியில் இரண்டு ஒட்டு, ஒரு தையல் பூச்சு. சென்ற ஐப்பசியில் வாசல் ஜிப்பை இழுத்து மூடும் ‘ஓடி’ பற்களைக் கவ்வ மறுத்தது. மண்துகள் தேய்த்துத் தேய்த்து அதன் வாய் அகன்றிருந்தது. போடியில் பை தைப்பவர் ஒருவர் குறடால் அதை இரு பக்கமும் லேசாக நெரித்துக் கொடுத்துவிட்டு, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி எடுக்கும்படி சொன்னார். காசு வாங்கவில்லை. அந்த ஓடி இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும், அதற்குள் புதியதை மாற்றிவிட வேண்டும். மறுபடி வாங்க நேர்ந்தால் இதே கம்பி, இதே வடிவம், ஆனால் சிலிக்கோன் ஏற்றிய பாலியஸ்டர் மேல்விரிப்பு. நூறு இருநூறு கிராம் கூடினாலும் இரவில் எழுந்து கயிறு இறுக்கும் வேலை மிச்சம்.